வார்னிஷ் மட்டும் போதாது: 1:35 சிப்பாயை மழையில் நனைப்பது எப்படி

1:35 அளவில், அதாவது நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு அளவில், ஒரு பிரிட்டிஷ் காலாட்படைச் சிப்பாயின் மாதிரி உருவம். இடம் முதல் உலகப்போர்க்களமான, பெல்ஜியத்தின் பாஸ்சென்டேல், ஆண்டு 1917. மழையில் பலகைப் பாதைமேல் நிற்கிறான். பக்கத்தில் நீர் நிறைந்த குண்டுக்குழி. பெயின்ட் வேலை முடிந்ததும் தலை முதல் கால் வரை கிளாஸ் (பளபளக்கும்) வார்னிஷ் பூசினீர்கள். நனைந்த மனிதனாகத் தெரியாமல் வெல்லப்பாகில் முக்கி எடுத்த பொம்மையாகத் தெரிகிறான் என்பது உங்கள் குறை. கூடவே ரத்தம், எச்சில், சளி போன்றவற்றை எப்படிக் காட்டுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உருவம் கெட்டுப்போகவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளாஸ் வார்னிஷ் நன்றாகக் காய ஒரு நாள் விடுங்கள். பிறகு அதன்மேல் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் இரண்டு மெல்லிய பூச்சு கொடுங்கள். ஏர்பிரஷ் இருந்தால் அதில், இல்லாவிட்டால் மென்மையான தட்டைப் பிரஷில். மேட் வார்னிஷில் பளபளப்பை அடக்குவது அதில் கலந்திருக்கும் நுண்ணிய சிலிக்கா தூள். அது புட்டியின் அடியில் போய்ப் படியும். ஒரு நிமிடமாவது நன்றாகக் குலுக்காமல் எடுத்தால் மேலே தெளிந்து நிற்கும் பிசின் மட்டும் வரும், மேட் பூசிய இடமும் மினுங்கும். அடியில் தங்கியது மொத்தமாக வந்தால் பள்ளங்களில் வெள்ளை படரும். கிளாஸ் வார்னிஷுக்கு இது நேரெதிர். அதைக் குலுக்கினால் குமிழ்தான் மிஞ்சும். புட்டியை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும்.

இப்போது உங்கள் முன் இருக்கும் மேட் உருவம்தான் காய்ந்த சிப்பாய். இனி அவனை நனைக்க வேண்டும்.

ஈரம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது

மொட்டைமாடி சிமென்ட் தரையில் முதல் தூறல் விழுவதைப் பாருங்கள். துளி விழுந்த இடம் கருத்துப்போகும், ஆனால் மினுங்காது. மழை வலுத்து, தரை இனி குடிக்க முடியாது என்ற நிலை வந்து, மேலே மெல்லிய நீர்ப்படலம் நின்ற பிறகுதான் பளபளப்பு வரும். அதே மழையில் ஓர் எவர்சில்வர் தட்டை வையுங்கள். அது கருக்கவே கருக்காது. துளி துளியாக நீர் உருண்டு நிற்கும். ஆக, தண்ணீரைக் குடிக்கும் பரப்பு முதலில் கருக்கிறது, பிறகு மினுங்குகிறது. குடிக்காத பரப்பு மினுங்க மட்டும் செய்கிறது. உங்கள் சிப்பாயிடம் நடந்த தவறு இதுதான்: கம்பளித் துணி, மரம், மண் எல்லாம் காய்ந்த நிறத்திலேயே இருக்க, மேலே படலத்தை மட்டும் போட்டுவிட்டீர்கள். காய்ந்த நிறத்தின்மேல் பளபளப்பு இருந்தால் கண் அதை பிளாஸ்டிக் என்றுதான் படிக்கும்.

ஏன் கருக்கிறது என்று தெரிந்தால் எவ்வளவு கருக்க வேண்டும் என்பதும் புரியும். காய்ந்த துணியின் நார்களுக்கிடையே காற்று இருக்கிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1.0, நாருடையது ஏறத்தாழ 1.5. இந்த இடைவெளி பெரிது என்பதால் ஒளி நாருக்கு நார் முட்டிச் சிதறி வெளியே திரும்பிவிடும், துணி வெளிறித் தெரியும். காற்றின் இடத்தில் 1.33 எண் கொண்ட நீர் வந்தால் இடைவெளி சுருங்குகிறது. ஒளி உள்ளே ஆழமாகப் போகிறது, போன இடத்தில் அதிகம் உறிஞ்சப்படுகிறது. அப்போது துணி கருப்போடு சேர்வதில்லை; தன் சொந்த நிறத்திலேயே ஆழ்கிறது. காக்கி நனைந்தால் செறிந்த பச்சைப்பழுப்பு ஆகும், சாம்பல் ஆகாது. அதனால் கருப்பு வாஷ் (பள்ளங்களில் ஓடும்படி மிகவும் நீர்த்த பெயின்ட்) ஊற்றி நனைத்துக் காட்ட முயல்வது வீண். அதில் உருவம் அழுக்காகும், நனையாது.

இன்னொரு விஷயம் வானம். மழை பெய்யும்போது வெயில் இல்லை, மப்பு. ஒளி வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. நனைந்த பரப்பில் தெரியும் பிரதிபலிப்பு ஊசிமுனை வெள்ளைப் புள்ளியாக இல்லாமல், அகலமான வெளிர்சாம்பல் பட்டையாக இருக்கும். மேல்நோக்கிய பரப்புகளில் அதிகம், செங்குத்துப் பரப்புகளில் குறைவு. பார்வை சாய்வாகப் படும் இடத்தில் பிரதிபலிப்பு இன்னும் கூடும்; நனைந்த தார்ச்சாலை தூரத்தில் வெள்ளியாகவும் காலடியில் கருப்பாகவும் தெரிவது இதனால்தான். ஹைலைட் (ஒளி படும் இடத்தின் வெளிர்நிறம்) வைக்கும்போது இதை மறந்து பளீர் வெள்ளையில் கோடு போட்டால் நண்பகல் வெயிலில் எண்ணெய் பூசிக்கொண்டு நிற்பவன் போல ஆகிவிடுவான்.

உடுப்பை நனைத்தல்

பிரஷ் எடுப்பதற்கு முன் உருவத்தைப் பொருள்வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்தச் சிப்பாய் இந்தப் பயிற்சிக்கு ஏற்ற உருவம், ஏனென்றால் எல்லா வகைப் பரப்பும் அவனிடம் இருக்கிறது. சீருடையும் காலில் சுற்றிய பட்டியும் கம்பளி, குடிக்கும். தோளில் போட்டிருக்கும் மழைப்போர்வை ரப்பர் பூசிய பருத்தி; குடிக்காது. பூட்ஸ் கொழுப்புத் தடவிய தோல், கொஞ்சம் குடிக்கும். பிராடி தலைக்கவசம் எஃகு, ஆனால் மினுங்கி எதிரிக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று மணலோ மரத்தூளோ கலந்த சொரசொரப்பான பெயின்ட் அடித்தது. எஃகு என்று நினைத்துக் கவசத்தைக் கண்ணாடியாக்குவது பலரும் செய்யும் பிழை. அதன் மேல்வளைவுக்குப் பாதிப் பளபளப்பு போதும். நீர் வழிந்து வந்து நிற்கும் விளிம்பில்தான் முழுப் பளபளப்பு.

முதல் வேலை கருக்குதல். சீருடையின் அடிப்படைக் காக்கியோடு அடர்பழுப்பைச் சம அளவு கலந்துகொள்ளுங்கள். அந்தக் கலவை 1 துளி, மேட் மீடியம் (நிறமில்லாத பெயின்ட் ஊடகம்) 2 துளி, தண்ணீர் 6 முதல் 8 துளி. பிரஷை டிஷ்யூவில் ஒற்றிய பிறகே உருவத்தைத் தொட வேண்டும். இது வாஷ் போலப் பள்ளத்தில் ஓடித் தேங்கக் கூடாது, பரப்பின்மேல் ஒரு சாயமாக அமர வேண்டும். முதல் பூச்சை நனைந்த பகுதி முழுவதற்கும் கொடுங்கள். 10, 15 நிமிடம் காய்ந்ததும் இரண்டாவது பூச்சைச் சற்றுக் குறுகிய பகுதிக்கு. மூன்றாவது, தெப்பலாக நனைந்த இடத்துக்கு மட்டும். ஓரம் தானாகவே மங்கலாக இறங்கும். எண்ணெய் வண்ணம் பழக்கமானவர்கள் ரா அம்பர் என்ற மண்பழுப்பை மணமில்லாத ஒயிட் ஸ்பிரிட்டில் நீர்த்து இதே வேலையைச் செய்யலாம். ஓரத்தை இழைப்பது அதில் இன்னும் எளிது, ஆனால் ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாள் காத்திருக்க வேண்டும்.

எந்த இடத்தில் கருக்குவது? மழை மேலிருந்து வருகிறது: தோள், மேல்முதுகு, முன்கையின் மேற்பக்கம், தொடையின் முன்பக்கம். ஈரம் கீழிருந்தும் ஏறுகிறது: சேற்றில் நின்ற காலில் பட்டி வழியாக முழங்கால் வரை. அக்குள், பை மூடியின் அடி, இடுப்புப் பட்டையின் அடி ஆகியவை கடைசியாக நனையும். பாஸ்சென்டேலில் நாள்கணக்கில் மழையில் நின்றவனுக்கு உலர்ந்த இடம் என்று ஒன்று இருந்திருக்காது என்பது உண்மை. ஆனாலும் இரண்டு மூன்று இடங்களையாவது வெளிறியே விடுங்கள். பக்கத்தில் காய்ந்தது இருந்தால்தான் நனைந்தது நனைந்ததாகத் தெரியும். முழுவதும் கருத்த உருவத்தைப் பார்ப்பவர், அடர்காக்கிச் சீருடை என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

ஒரு கணக்கையும் மனதில் வையுங்கள். மேட் பரப்பின்மேல் வார்னிஷ் விழுந்தால் அதன் சொரசொரப்பை நிரப்பிக்கொண்டு தானும் சிறிது கருக்கும். ஆகவே இலக்கைத் தொடுவதற்கு ஒரு படி முன்பே நிறுத்துங்கள். பழைய பிளாஸ்டிக் கரண்டி ஒன்றில் அதே ப்ரைமர் (அடிப்பூச்சு), அதே காக்கி, அதே சாயம், அதே வார்னிஷ் அடித்துப் பார்த்துவிட்டால் ஊகிக்க வேண்டியதே இல்லை.

அடுத்து ஹைலைட். வார்னிஷ் வருவதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். பளபளப்பின்மேல் பிறகு வைக்கும் புள்ளி, கண்ணாடிமேல் ஒட்டிய தூசி போல மேட்டாக நிற்கும். நீலம் ஒரு பொட்டு கலந்த வெளிர்சாம்பல் எடுங்கள். மழைப்போர்வையின் மடிப்பு முகடுகளில் நீளமான, ஓரம் கூர்மையான கோடுகள். தலைக்கவசத்தின் உச்சியில் அகலமான, ஓரம் கரைந்த ஒரு திட்டு. நனைந்த கம்பளியில் மிக லேசாக, முகடுகளின் நுனியில் மட்டும். தூய வெள்ளை இந்த உருவத்தில் இரண்டே இடங்களுக்குத்தான்: கவச விளிம்பில் தொங்கும் சொட்டு, மூக்குநுனிச் சொட்டு.

பிறகு பளபளப்பை அளந்து கொடுங்கள். கிளாஸ், மேட் இரண்டையும் சம அளவு கலந்தால் கிடைக்கும் சாட்டின் தெப்பலாக நனைந்த கம்பளிக்கு. கிளாஸ் 3, மேட் 1 என்றால் பூட்ஸுக்கும், நனைந்த மரத்துக்கும், கவசத்தின் வளைவுக்கும். கலப்பில்லாத கிளாஸ், மழைப்போர்வைக்கும், துணி மடிப்புகளின் பள்ளத்தில் நீர் ஓடும் தாரைகளுக்கும். லேசாக ஈரம் பட்ட, கருத்த ஓரப் பகுதிக்கு எதுவுமே வேண்டாம், அது மேட்டாகவே இருக்கட்டும். சிமென்ட் தரையின் முதல் தூறல் அதுதான். மேட்டான கருமை, சாட்டின், கிளாஸ் என்று மூன்று படிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது நீர் துணிக்குள் இறங்கிய கதை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கிளாஸைத் தடவும்போது 10 சதவீதம் தண்ணீர் சேர்த்து, நல்ல முனையுள்ள 0 எண் செயற்கை முடிப் பிரஷில், நீர் ஓடும் திசையிலேயே இழுங்கள். ஒருமுறை இழுத்ததை அரை நிமிடம் கழித்துத் திருத்தப் போகாதீர்கள். அதற்குள் மேற்பரப்பு தோல் கட்டத் தொடங்கியிருக்கும், பிரஷ் தடம் நின்றுவிடும். அடியிலுள்ள மேட் பரப்பு முதல் பூச்சைக் குடித்துவிடுவதால் மினுமினுப்பு விட்டுவிட்டுத் தெரியும். அரைமணி கழித்து இரண்டாவது, வேண்டுமானால் மூன்றாவது. ஒரே தடித்த பூச்சாகக் கொடுத்தால் பள்ளத்தில் தேங்கிப் பால்போல் மங்கும். கிளாஸுக்கு வல்லேஹோ, சிட்டடெல் ஆர்ட்கோட், தமியா எக்ஸ்-22 எதுவும் சரி. தமியா மட்டும் ஆல்கஹால் அடிப்படையிலானது. மற்ற அக்ரிலிக் பெயின்டின்மேல் பிரஷைத் திரும்பத் திரும்பத் தேய்த்தால் அடிநிறத்தைக் கிளப்பிவிடும், ஒரே இழுப்பில் வைக்க வேண்டும். அதை நீர்க்கவும் பிரஷ் கழுவவும் அதன் எக்ஸ்-20ஏ தின்னர்தான்.

முகத்துக்குத் தனி அளவு. தோல் நனைந்தால் கருக்காது. நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு ஆகியவற்றில் சாட்டின்; கீழுதட்டில் ஒரு பொட்டு கிளாஸ். குளிரில் நனைந்தவன் என்பதை மூக்குநுனியிலும் விரல் முட்டிகளிலும் மிக மெல்லிய செவ்வூதாச் சாயம் சொல்லிவிடும். 1:35 அளவில் கண்ணுக்குள் கிளாஸ் வைக்காதீர்கள், முறைப்பது போலாகும். 1:10 மார்பளவு உருவங்களில் கண்மணிக்கும் கீழ் இமையோரத்துக்கும் இரண்டு பூச்சு வைத்தால் உயிர் வரும்.

துளிகளைப் பற்றிப் பலருக்கும் ஆசை அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2 மி.மீ. மழைத்துளி 1:35 அளவில் 0.06 மி.மீ. நகலெடுக்கும் தாளின் தடிமனில் பாதிக்குச் சற்று மேல். பிரஷால் வைக்கும் எந்தத் துளியும் அதைவிடப் பல மடங்கு பெரிது. உடுப்பு முழுக்கத் துளி வைத்தால் சிப்பாய்க்கு அம்மை போட்டது போல இருக்கும். விழத் தயாராகத் தொங்கும் சொட்டு மட்டும் கொஞ்சம் மிகைப்படுத்தினாலும் ஒத்துக்கொள்ளும்: கவச விளிம்பில் இரண்டு, போர்வையின் கீழோரத்தில் ஒன்றிரண்டு, 0.2 மி.மீ. அளவில், இடைவெளி ஒரே சீராக இல்லாமல். பல்குச்சியின் நுனியைச் சீவி, கெட்டியான கிளாஸ் ஜெல்லைத் தொட்டு, தலைகீழாகப் பிடித்த உருவத்தில் வையுங்கள். காயும்வரை தலைகீழாகவே இருந்தால் சொட்டு விளிம்பிலேயே நிற்கும், பிறகு நிமிர்த்தினால் தொங்கும்.

சேறு, பலகை, குண்டுக்குழி

பாஸ்சென்டேல் சேறு வெறும் மழைச்சேறு அல்ல. பாஸ்சென்டேல் இருக்கும் ஃபிளாண்டர்ஸ் பகுதியின் நிலம் களிமண். நீரைக் கீழே விடாது. வாய்க்கால் வெட்டித்தான் அந்த வயல்களை உலர வைத்திருந்தார்கள். பீரங்கிக் குண்டுகள் அந்த வடிகால்களை உடைத்தன, 1917 ஆகஸ்ட் மழை மிச்சத்தைச் செய்தது. நீர் போக வழியில்லாமல் குழிகளில் தேங்கிய களிச்சகதி அது. இதனால் உங்களுக்கு ஒரு சௌகரியம்: குழியிலுள்ள நீர் தெளிந்தது அல்ல. சாம்பல்பழுப்பில், அடி தெரியாமல் கலங்கியது. ஆழமாக ரெசின் (இறுகியதும் தெளிந்த நீர் போலத் தெரியும் பிசின்) ஊற்ற வேண்டிய தேவையே இல்லை.

சேற்றுக் கலவைக்கு, சட்டியில் 15 நிமிடம் வறுத்து ஈரமும் பூச்சியும் போக்கி, டீ வடிகட்டியில் சலித்த மண் 2 பங்கு. பழுப்புப் பிக்மென்ட் தூள் 1 பங்கு. கிளாஸ் ஜெல் மீடியம் 2 பங்கு. அடர்பழுப்பு அக்ரிலிக் சில துளி. இட்லி மாவின் பதத்துக்கு வர வேண்டும். சாம்பல் சேர்த்தே நிறத்தை எடுங்கள், செம்மண் சாயல் தட்டினால் இடம் பெல்ஜியமாக இருக்காது. கலவை இறுகுவதற்குள், 20 நிமிடத்துக்குள், பூட்ஸை அழுத்தித் தடம் எடுத்துவிடுங்கள். தடத்தின் அடியில் பிறகு இரண்டு சொட்டு கிளாஸ் விட்டால், மிதித்த இடத்தில் நீர் ஊறி நிற்பது வந்துவிடும். பூட்ஸிலும் பட்டியிலும் ஒட்டுவது இதே கலவையாக இருக்க வேண்டும். தரையில் ஒரு சேறும் காலில் வேறு சேறும் இருந்தால் உருவம் அந்த இடத்தில் நிற்பதாகத் தோன்றாது. உயர்ந்து நிற்கும் கட்டிகளின் முகட்டில் மேட் வார்னிஷை லேசாக ஒற்றி அடக்குங்கள், பள்ளங்கள் மினுங்கட்டும். சேறு மொத்தமும் ஒரே பளபளப்பில் இருந்தால் சாக்லேட் பூச்சு போலிருக்கும்.

ஏகே நிறுவனத்தின் வெட் எஃபெக்ட்ஸ் போன்ற எனாமல் திரவங்களை இந்தச் சேற்றின்மேல் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதன் அருமை, மறுநாள் வரைக்கும் ஒயிட் ஸ்பிரிட் தொட்ட பிரஷால் ஓரங்களைக் கரைத்து இழைக்க முடியும் என்பது. அக்ரிலிக் கிளாஸில் அந்த வசதி கிடையாது.

பலகை குடிக்கும் பொருள், எனவே முதலில் கருக்க வேண்டும், பிறகு கிளாஸ் 3, மேட் 1. நடந்து நடந்து தேய்ந்த நடுப்பகுதியில் சேற்று நீர்ப்படலம், இரு ஓரங்களிலும் பாசிப்பச்சைச் சாயம். ஆணித்தலை அருகே துருவின் ஒழுக்கு ஒன்றிரண்டு.

குழி நீருக்கு முதலில் அடியைச் சீல் செய்யுங்கள்: வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம அளவு, இரண்டு பூச்சு. ஜிப்சம் அல்லது மண் அடி திறந்திருந்தால் ரெசினைக் குடித்துக்கொண்டு பதிலுக்குக் காற்றுக் குமிழை மேலே அனுப்பும். பிறகு குழியின் அடியை நீரின் நிறத்திலேயே முழுக்க மறைக்கும்படி பெயின்ட் அடியுங்கள். நடுவில் அடர்ந்தும் ஓரத்தில் சேற்றின் நிறத்தோடு கலந்தும். மேலே 1 அல்லது 2 மி.மீ. தெளிந்த படலம் போதும். வல்லேஹோ ஸ்டில் வாட்டர், வுட்லேண்ட் சீனிக்ஸ் ரியலிஸ்டிக் வாட்டர் போன்ற நீர் அடிப்படைப் பொருள்கள் இதற்குச் சரி. ஒருமுறைக்கு 3 மி.மீ.க்கு மேல் ஊற்றாமல், ஒவ்வொரு அடுக்குக்கும் 24 மணி நேரம் விட வேண்டும். இவை காயும்போது சுருங்கும், ஓரத்தில் பள்ளம் விழுந்தால் இன்னொரு அடுக்கு. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோரப் புழுக்கத்தில் மழைக்காலத்தில் இந்த நேரத்தை இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரு பகுதி எப்பாக்சி எடுத்தால் விகிதத்தில் விளையாடக் கூடாது. புட்டியில் சொன்னது எடை விகிதமா, கன அளவு விகிதமா என்று முதலில் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. எடை என்றால் 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். மூன்று நிமிடம் மெதுவாக, கோப்பையின் சுவரையும் அடியையும் வழித்துக் கலக்கி, பிறகு சுத்தமான இரண்டாவது கோப்பைக்கு மாற்றி இன்னொரு நிமிடம். முதல் கோப்பையின் சுவரில் ஒட்டிய கலக்காத பிசின்தான் என்றைக்கும் காயாத பிசுபிசுப்புத் திட்டாக நிற்கும். கலக்குமுன் பிசின் புட்டியைக் கைபொறுக்கும் வெந்நீரில் 10 நிமிடம் வைத்தால் இளகிக் குமிழ் விடும். நிறம் வேண்டுமென்றால் பல்குச்சி நுனியளவு எண்ணெய் வண்ணம். நீர் கலந்த அக்ரிலிக் வேண்டாம். கையுறையும் திறந்த ஜன்னலும் இல்லாமல் எப்பாக்சியைத் தொடாதீர்கள், ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பிறகு ஒவ்வொரு முறையும் வரும்.

எந்தப் பொருளை ஊற்றினாலும் ஒரு தொல்லை காத்திருக்கிறது: ஓரத்தில் அது மேலேறும். பரப்பு இழுவிசைக்கு உங்கள் அளவுகோல் தெரியாது. கரையில் ஒன்றரை, இரண்டு மி.மீ. ஏறினால் 1:35 அளவில் 5 முதல் 7 செ.மீ. உயரத்துக்கு நீர் சுவரில் தவழ்ந்து ஏறியதாக அர்த்தம். கண் இதை உடனே பிடித்துவிடும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் பொய் என்று சொல்லிவிடும். தப்பிக்க ஒரே நல்ல வழி, கரைச் சேற்றில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்து, ரெசின் இறுகியபின் ஏறிய பகுதியின்மேல் அதே சேற்றுக் கலவையை நீர்க்கோடு வரை ஒற்றி மூடுவது. இதற்காகவே சேற்றுக் கலவையை ஒரு சிறு டப்பியில் காற்றுப் புகாமல் எடுத்து வையுங்கள். பிறகு கலந்தால் அதே நிறம் வராது.

மழை பெய்கிறது என்று நீர்ப்பரப்பு சொல்ல வேண்டுமானால் வளையங்கள் வேண்டும். இறுகிய பரப்பின்மேல் கிளாஸ் ஜெல்லை மெல்லப் பரப்பி, 1.5 முதல் 3 மி.மீ. விட்டமுள்ள மெல்லிய குழாயின் வாயால் தொட்டு எடுங்கள். காலி பேனா ரீஃபில் இந்த அளவில் கிடைக்கும். சிலவற்றை ஒன்றன்மேல் ஒன்று வெட்டும்படி விடுங்கள். காய்ந்ததும் ஜெல் சற்று அமுங்கும், அதுவே வேண்டிய அளவு.

ரத்தம், எச்சில், சளி

புதிய ரத்தத்துக்குத் தமியா எக்ஸ்-27 தெளிசிவப்பு பல காலமாக நிலைத்த தேர்வு. அதை நேராகப் பூசினால் ஜாம் போலிருக்கும். 4 பங்குக்கு 1 பங்கு எக்ஸ்-19 ஸ்மோக் சேர்த்தால் அடர்த்தி வரும். காயத்தின் நடுவில் இன்னும் கொஞ்சம் ஸ்மோக், ஓரத்தில் குறைவு. காய்ந்த ரத்தம் பழுப்பு, மேட். ஒரே காயத்தில் நடுவில் பளபளப்பும் ஓரத்தில் மேட்டும் இருந்தால் எவ்வளவு நேரமான காயம் என்பதும் தெரியும். சிட்டடெலின் பிளட் ஃபார் தி பிளட் காட் வசதியானது, ஆனால் அதையும் அதிகம் பூசிவிட்டால் அழகு கெடும். முதல் உலகப்போர்ச் சிப்பாயில் ரத்தத்தை மிகமிகக் குறைத்தே வையுங்கள். மழையில் அது கழுவப்பட்டு, நீர்த்த இளஞ்சிவப்புத் தாரையாகத்தான் இறங்கும். எக்ஸ்-27 1 துளிக்கு எக்ஸ்-22 கிளியர் 6 துளி கலந்தால் அந்த நீர்த்த சிவப்பு கிடைக்கும்.

பூத உருவங்களின் வாயில் இழுபடும் எச்சிலுக்கு ஊஹூ தெளிபசை. மேல்பல்லில் ஒரு பொட்டு வைத்து, பல்குச்சியால் தொட்டுக் கீழ்த்தாடை வரை இழுத்து ஒட்டுங்கள். நூல் தடித்தால் விட்டுவிட்டு ஐந்து விநாடி கழித்து இழுங்கள். பசை சற்று இறுகியதும் மெல்லியதாக வரும். அதில் எக்ஸ்-27 ஒரு பொட்டு குழைத்தால் ரத்த இழை, எக்ஸ்-25 தெளிபச்சையும் எக்ஸ்-24 தெளிமஞ்சளும் கலந்தால் சளி. அந்தப் பசையில் கரைப்பான் இருப்பதால் பெயின்டின்மேல் பரப்பித் தேய்க்கக் கூடாது, முனைகள் மட்டும் படட்டும். நாக்கும் ஈறும் ஊதா நிழலோடு பெயின்ட் முடித்து, கிளாஸ் இரண்டு பூச்சு. பல்லுக்கு சாட்டின் போதும்.

தொங்கும் தடித்த கோழைக்கு யு.வி. ரெசின் நல்லது: வைத்து, 405 நானோமீட்டர் விளக்கில் ஒன்று இரண்டு நிமிடம் காட்டினால் இறுகிவிடும், ஓடி வழிய நேரமிருக்காது. 1 மி.மீ. அடுக்குகளாக வையுங்கள். நிறம் சேர்த்த ரெசினில் ஒளி ஆழம் போகாது, மேலே கல்லாகவும் உள்ளே கூழாகவும் நிற்கும். இறுகிய பிறகும் மேல்தோல் பிசுபிசுப்பது காற்றிலுள்ள ஆக்சிஜன் தடுப்பதால். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைக்கச் சொல்வார்கள். பெயின்ட் அடித்த உருவத்தில் அதைச் செய்யாதீர்கள், அக்ரிலிக் பெயின்ட் கழன்று வந்துவிடும். கூடுதலாக இரண்டு நிமிடம் ஒளி காட்டி, மேலே கிளாஸ் ஒரு பூச்சு கொடுத்தால் பிசுபிசுப்பு அடங்கும்.

ஸ்ப்ரே டப்பா கிளாஸை மழைநாளில் அடிக்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதில் படிந்து வெண்புகை பிடிக்கும். வந்துவிட்டால் காய்ந்த நாளில் அதன்மேலேயே ஒரு மெல்லிய பூச்சு அடித்தால் பெரும்பாலும் தெளியும். அக்ரிலிக் கிளாஸ் வெப்ப நாட்களில் பல வாரம் கழித்தும் லேசாகப் பிசுக்கும். உருவத்தின் கை, துப்பாக்கி போன்ற தொடும் இடங்களில் பாலியூரித்தேன் வார்னிஷ் வைத்தால் விரல்ரேகை பதியாது. ஈரமான கிளாஸில் விழும் ஒரு தூசியும் 1:35 அளவில் சிறு குச்சி, ஆகவே ஒவ்வொரு பூச்சுக்குப் பின்னும் கவிழ்த்த டப்பாவின் கீழ் வையுங்கள்.

படம் எடுக்கும்போது நேரடி பிளாஷ் போட்டால் இவ்வளவு அளந்து வைத்த பளபளப்பும் வெள்ளைத் திட்டுகளாக எரிந்துபோகும். மேலிருந்து, ஒரு வெள்ளைத் தாளின் வழியாக வரும் அகலமான ஒளி ஒன்று. மப்பு வானத்துக்கு அதுதான் ஈடு. கேமராவில் போலரைசர் இருந்தால் கழற்றிவிடுங்கள், அது நீரின் பிரதிபலிப்பைத்தான் முதலில் துடைக்கும். பிறகு, கவச விளிம்பிலுள்ள சொட்டும் குழி நீரும் ஒரே நேரத்தில் ஒளியைப் பிடிக்கும் கோணம் வரும்வரை உருவத்தை மெல்லத் திருப்பிப் பாருங்கள்.